சாம்பியன் வம்சம்

"விசாலம், இன்னிக்கு அந்த ராஜவேலை நேருக்கு நேர் கேட்டுடப் போறேன். நீ நடுவுல வந்து சமாதானம் பண்ணாதே!"

சுந்தரேஷ் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஜனக்புரியே இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"என்னன்னு கேக்கப் போறேள்? பாவம், மாசம் ஒரு தடவை ஆர்.கே.புரத்துலேர்ந்து குல்ஃபியைப் பாக்க வரார். அவராத்து நாய் போட்ட குட்டிதானே?" என்றாள் விசாலாக்ஷி.

"குடுத்தது குடுத்ததுதான்! மூணு வருஷமா வளக்கறது நாம. அந்த மனுஷன் வந்தாலே கழுத்தைத் தடவறார், வயத்தை அமுக்கறார். சந்தையில மாடு பிடிக்க வந்தவர் மாதிரி! போன தடவை என்ன பண்ணினார் தெரியுமோ? நீ காபி போட உள்ள போனப்போ, பஞ்சு சுத்தின குச்சியை குல்ஃபி வாய்க்குள்ள விட்டு ஒரு தேய் தேச்சு, குப்பியில போட்டு பாக்கெட்ல வெச்சுண்டார். கேட்டா பல் சுத்தமா இருக்கான்னு பாத்தாராம். நான் என்ன காதுல பூ வெச்சிண்டிருக்கேனா?"

"வேற எதுக்காம்?"

"இவ வம்சம் அப்படி! திரும்பக் கூட்டிண்டு போய்க் குட்டி போட வெச்சு விக்கப் பாக்கறார், பக்கா! 'உங்களால வெச்சுக்க முடியலைன்னா ஒரு போன் பண்ணுங்க'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுப் போறாரே, எதுக்கு?"

வம்சம் என்றதும் அவர் கை தானாகச் சுவரைக் காட்டியது. குல்ஃபியின் வம்சாவளி சர்டிபிகேட் அங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. சுந்தரேஷின் அப்பா படத்துக்கே பெட்ரூமில்தான் இடம். வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "கோல்டன் ரெட்ரீவர்! அப்பா வழி, அம்மா வழி, ரெண்டுலயும் ஒரே சாம்பியன்தான் தாத்தா. கலப்பே கிடையாது" என்று காட்டாமல் விடமாட்டார்.

வாசல் மணி அடித்தது. ராணுவத்தில் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்ற ராஜவேல், சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குல்ஃபி பாய்ந்து வந்து மடியில் ஏறியது. அவர் கை அதன் கழுத்துக்கடியில் போனது.

"கையை எடுங்கோ!" சுந்தரேஷ் கத்திய கத்தலில் நாயே நடுங்கிப்போனது. "குல்ஃபி எங்காத்துக் குழந்தை. என் உயிரே போனாலும் இவளை யாருக்கும் குடுக்க மாட்டேன். புரிஞ்சுதா?"

ராஜவேலின் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் சார் காத்துக்கிட்டிருந்தேன். இனிமே உங்ககிட்ட மறைக்க வேண்டியதில்லை. குல்ஃபியோட அம்மா கேன்சர்ல செத்துச்சு. இந்த ஜாதி நாய்க்கு அது பரம்பரையா இறங்குதான்னு இங்க ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல மரபணு பாக்கறாங்க. அஞ்சு குட்டியோட எச்சிலையும் கேட்டாங்க. முதல் ரெண்டு வீட்ல உண்மையைச் சொல்லித்தான் எடுத்தேன். ரிசல்ட் வர்றதுக்குள்ள ஒருத்தர் நாயைப் பார்க் கேட்ல கட்டிட்டுப் போயிட்டாரு. இன்னொருத்தர் என் வீட்டு வாசல்லயே கட்டிட்டாரு. ரெண்டும் இப்ப எங்கிட்டதான் இருக்கு. அதுக்கப்புறம் மத்த வீட்ல வாயைத் திறக்கவே பயம். கேக்காம எடுத்தது தப்புதான், மன்னிச்சிருங்க."

"குல்ஃபிக்கு?" என்றாள் விசாலாக்ஷி.

"அந்த மரபணு இருக்கும்மா. நேத்துதான் தெரிஞ்சுது. ஆனா நோய் வரலாம், கடைசி வரைக்கும் வராமலே போகலாம். மாசாமாசம் இப்படித் தடவிப் பாத்தா, கட்டி கடுகளவுல இருக்கும்போதே கண்டுபிடிச்சிரலாம். அதுக்குத்தான் வர்றேன்."

"இவ சாம்பியன் வம்சமாச்சே!" சுந்தரேஷ் சுவரிலிருந்த சர்டிபிகேட்டைக் காட்டினார்.

"அதுல வந்த வினைதான் சார். ரெண்டு பக்கமும் ஒரே தாத்தான்னா, அவர்கிட்ட இருந்த நல்லதும் கெட்டதும் ரெண்டு வழியாவும் இறங்குது. எனக்கும் அன்னிக்குப் புரியலை. பெருமையாத்தான் நெனச்சேன்."

விசாலாக்ஷி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். குல்ஃபிக்கு என்ன தெரியும்? வாலை ஆட்டிக்கொண்டு வந்து சுந்தரேஷின் பாதத்தில் தலையை வைத்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

மறுபடியும் பால்கனி வரை போனார். திரும்பி வந்தார். இன்னொரு தடவை போய்விட்டு வந்து, ராஜவேலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கத்திய தொண்டையா இது என்று கேட்கும்படி அத்தனை இதமாகப் பேசினார்.

"நீங்கன்னா இதெல்லாம் பழகினவர். ரெண்டோட மூணா உங்காத்துலேயே இருந்தா அதுக்கும் நல்லது, இல்லையா? மெட்ரோல நாயை ஏத்த மாட்டா. நானே டாக்ஸி புக் பண்ணித் தரேன், சார்."