ஆர்மாஸின் கண்ணுக்கு வைத்தது

சமையலறை மேசையில், இரண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே, செத்துப்போன ஆர்மாஸின் போர்க்காலத் துப்பாக்கி படுத்திருக்கிறது. அவன் தம்பி கலெர்வோ குறியைச் சரிபார்க்க அதன் பின்பக்கத் தாழ்ப்பாளை உருவிவிட்டு, வெறும் குழல் வழியே, சன்னலுக்கு வெளியே ஏரிக்கு அக்கரையில் இருக்கும் சௌனா என்னும் நீராவிக் குளியல் குடிலின் புகைபோக்கியைப் பிடித்து நிறுத்துகிறான். மேலே பூட்டிய பழைய தொலைநோக்கியிலும் அதே புகைபோக்கி குறுக்குக்கோட்டில் வந்து உட்கார வேண்டும். நாளை கடமான் வேட்டை. அண்ணன் இடத்தில் அண்ணி ஹில்க்கா நிற்கப்போகிறாள். அவள் குனிந்து தொலைநோக்கியில் பார்க்கிறாள். "ஒரே மங்கலா இருக்கே, தம்பி."

"அண்ணன் கண்ணுக்கு வச்சது, அண்ணி. இப்படிப் பாத்துத்தான் உங்களையும் கட்டிக்கிட்டான்."

அவள் சிரிக்கிறாள். காப்பி ஆறுகிறது.

"கண்ணுகிட்ட இருக்கிற வளையத்தைத் திருப்புங்க, தெளிஞ்சிடும்."

அவள் விரல் வளையத்தின் மேல் போய், அங்கேயே நிற்கிறது. அவன் எண்ணெய்த் துணியை மடிக்கிறான், பிரிக்கிறான், மறுபடி மடிக்கிறான்.

"திருப்பிட்டா, பழையபடி வைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது, அண்ணி."

"அப்ப கொஞ்சம் இரு" என்கிறாள், கண்ணை எடுக்காமலே.