வாசலில் ஒரு வரிசை

ஆட்டிசக் குழந்தைகளின் பயிற்சி அறை சாத்தியிருக்கிறது. உள்ளே மகள்; வெளியே அம்மாவுக்கு முக்கால் மணி நேர ஓய்வு. ஆனால் அவள் கை சும்மா இருப்பதில்லை. வாசலில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். மகனை இன்றுதான் முதன்முதலாக அழைத்து வந்திருக்கும் அப்பா ஒருவர் பெஞ்சிலிருந்து கேட்கிறார்: "நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?" கையிலிருக்கும் யாருடைய செருப்பையோ பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஐயோ, இல்லைங்க. எம் பொண்ணு வெளிய வந்ததும் இதத்தான் பாப்பா. நடுவுல ஒண்ணு குறைஞ்சாலும் இந்த இடத்தயே ரெண்டாக்கிடுவா. அடுக்கி அடுக்கி, இப்ப எங்க போனாலும் கை தானா போயிடுது." அவருடைய கைபேசி அதிர்கிறது. பேசிக்கொண்டே வாசலுக்கு வருகிறார். அவருடைய கறுப்புச் செருப்பு வரிசையின் நட்டநடுவில் இருக்கிறது. "எடுத்துக்கோங்க சார், பரவால்ல," என்கிறாள். அவர் குனிகிறார், வரிசையைப் பார்க்கிறார், நிமிர்ந்துவிடுகிறார். வெயிலில் காய்ந்த சிமெண்டுப் படியில் வெறுங்காலோடு இறங்கி, காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி பேசுகிறார். அம்மா சுவரில் சாய்ந்து உட்காருகிறாள். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன.