கடலுக்கு முதுகு

ராத்திரி அடித்த காற்று ஓய்ந்துவிட்டது. மாமல்லபுரத்துக் கடல் மட்டும் இன்னும் கலங்கலாகப் புரண்டுகொண்டிருக்கிறது. காலண்டருக்காகக் கடற்கரைக் கோயிலைப் படமெடுக்க வந்திருக்கும் செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரர் ஜெயினுலாபுதீனிடம் மிச்சமிருப்பது படம் பிடிக்கும் கண்ணாடிப் பிளேட்டு ஒன்றே ஒன்று. கோயில் மேல் காலை வெயில் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. அவர் கண்ணோ ஈர மணலில் நிற்கும் காசியம்மாளை விட்டு நகரவில்லை. கட்டுமரத்தில் போன அவள் புருஷன் நேற்றிலிருந்து திரும்பவில்லை. முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி, கூசுகிற வெயிலிலும் இமைக்காமல் கடலையே பார்க்கிறாள். ஜெயினுலாபுதீன் சட்டென்று காமிராவை ஸ்டாண்டோடு தூக்கிப் போய், அலை காலை நனைக்கும் இடத்தில் அவள் முகத்துக்கு நேராக நிறுத்துகிறார்.

“இன்னா பாய், கோயில வுட்டுட்டு?” பதறுகிறான் கூட வந்த சின்னையன்.

“கோயிலு எங்க பூடும்? நாளைக்கு எடுத்துக்கலாம்.”

அவர் முதுகுக்குப் பின்னால் கடல் இரைகிறது. காசியம்மாளின் கண் எதையோ எட்டிப் பிடிக்கிறது. கடித்திருந்த முந்தானை நழுவுகிறது. வாய் தானாகத் திறக்கிறது. அந்த நொடியில் அவர் ஷட்டரை அழுத்துகிறார். மறுநொடி, அவரை உரசிக்கொண்டு அவள் தண்ணீருக்குள் ஓடுகிறாள்.

“கட்டுமரம் படத்துல வுழலியே பாய்?” என்கிறான் சின்னையன்.

ஜெயினுலாபுதீன் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான் எங்க கடலப் பாத்தேன்? அவ மூஞ்சியப் பாத்துத்தான் அவன் வந்துட்டான்னு தெரிஞ்சிகினேன். படத்தப் பாக்கறவங்களும் தெரிஞ்சிக்குவாங்க.”