புது சிஸ்டமும் பழைய ஃபேனும்

எட்டு வயதான லேப்டாப் ஒன்றுக்குப் புதுசாகிவிட வேண்டுமென்று ஆசை வந்தது. அதன் வயிற்றுக்குள் சுற்றிச் சுற்றிச் சூட்டை வெளியே தள்ளுகிற குட்டி ஃபேனுக்கும் அதே எட்டு வயதுதான்.

"அடியே, இன்னிக்குப் பென்டிரைவில் புது சிஸ்டம் வருது. பழசை ஒரு பொட்டு விடாம அழிச்சுட்டு ஏத்தப் போறாங்க. இனி நான் குமரிதான்!" என்று குதித்தது லேப்டாப்.

ஃபேன் சுற்றும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டது. "சந்தோஷம்க்கா. ஆனா புதுசுக்கு எட்டு ஜிபி மெமரி வேணுமாமே, நம்மகிட்ட நாலுதானே இருக்கு? உனக்கு மூச்சு முட்டினா நான்தானே விசிறணும்? நான் ஓய்ஞ்சுட்டா என்னைத் தூக்கி எறிஞ்சிடுவாங்களே!"

"போடி பொறாமை பிடிச்சவளே! கல்யாண வீட்டில் வந்து ஒப்பாரி வைக்காதே."

பழசு அழிந்தது, புதுசு ஏறியது. ஏறின கையோடு வானிலை, செய்தி, விளையாட்டு என்று யாரும் கேட்காததையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டது. லேப்டாப்பின் அடிவயிறு தோசைக்கல்லாய்க் கொதிக்க, ஃபேன் நாக்குத் தள்ளச் சுற்றியது.

"ஏன்டி இப்படிக் கத்தி என் மானத்தை வாங்குறே?" என்று அதட்டியது லேப்டாப்.

மூன்றாம் நாள், லேப்டாப்பின் சொந்தக்காரி செங்கமலம் ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தாள். அவர் திரையைப் பார்த்தார், பளபளவென்று இருந்தது. பிறகு காதை வைத்துக் கேட்டார்.

"சிஸ்டம் புத்தம் புதுசும்மா, அதுல ஒரு குறையும் இல்ல. இந்த ஃபேன்தான் கிழடு. கழட்டிடலாம்."

ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.

"இப்பவாவது கண்டுபிடிச்சாங்களே!" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது லேப்டாப். "எட்டு வருஷமா இவளாலதான் நான் கிழவி மாதிரி இருந்திருக்கேன்."