முதுகுப் பக்கம்

பச்சை விளக்கு எரியவில்லை.

அவள் மறுபடி பொத்தானை அமுக்கினாள். எரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, தெருவில், அவள் கணவன் அருணகிரி போய்க்கொண்டிருந்தான். கையில் பெல் பெட்டி. நெஞ்சோடு அணைத்து, குனிந்து அதையே பார்த்தபடி நடந்தான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படித் தூக்கினதில்லை.

இங்கே பொத்தானை அமுக்கினால் அங்கே பெல் அடிக்க வேண்டும். அங்கே அடித்துவிட்டால் இங்கே பச்சை எரியும். கம்பி கிடையாது, எல்லாம் காற்றிலேயே போகும். அவ்வளவுதான் சங்கதி.

அதை அடிக்க வைக்கத்தான் மூன்று வாரமாகப் பாடு.

பக்கத்துக் கட்டிலில் மாமனார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். பொத்தான் அவருக்கு. பெல் அவளுக்கு.

தெருக்கோடி நர்சரி பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை வந்திருந்தது. மாமனார் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் ஓடி வந்துவிடலாம்.

"பெல் பள்ளிக்கூடம் வரைக்கும் அடிச்சா போ," என்றிருந்தான் அருணகிரி. பெரிய மனசு.

இன்று சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குள் வந்து சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று பள்ளிக்கூடத்தம்மா சொல்லியாயிற்று.

மணி பதினொன்று.

மேஜைமேல் வைத்தால் அடிக்கும். சமையல்கட்டில் அடிக்கும். வாசலைத் தாண்டி மாவு மில் பக்கம் போனால் செத்துவிடும்.

முதல் குற்றவாளி பீரோ. இரும்பாம். இழுத்து நகர்த்தினான், தரையெல்லாம் கோடு.

அடுத்தது ஃப்ரிட்ஜ். ஒரு பகல் முழுக்க அணைத்துப் போட்டான். அரைத்து வைத்த மாவு பொங்கி வழிந்தது.

பிறகு பக்கத்து வீட்டு வைஃபை. அவர்கள் வாசலில் போய் நின்று அரைமணி நேரம் பாடம் எடுத்தான். அந்த வீட்டுக்காரி அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு தண்ணீர்க் குடம். "தண்ணி இந்த சிக்னலைக் குடிச்சிரும். உனக்கு எங்க புரியப்போகுது." குடம் கொல்லைக்குப் போனது.

கடைசியாக முருங்கைமரம். இலையில் ஈரம் இருக்கிறதாம். காய்க்கிற கிளையாகப் பார்த்து வெட்டினான்.

பெட்டி மட்டும் அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்.

இப்போதும் மில்லைத் தாண்டினான். அவள் அமுக்கினாள்.

இல்லை.

அவன் நின்றான். திரும்பினான்.

"ஒழுங்கா அமுக்குறியா இல்லையா?"

தெரு முழுக்கக் கேட்டது. மில்லில் நின்ற இரண்டு பெண்கள் இந்த ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் விரல் பொத்தானிலேயே இருந்தது.

பச்சை எரிந்தது.

"பாத்தியா, திட்டினாத்தான் உனக்கு விரல் வேலை செய்யுது," என்றான். திரும்பி மேலே நடந்தான்.

விரலை அவள் எடுக்கவே இல்லை. பச்சை அணைந்தது.

பத்தடி போய்த் திரும்பினான். ஆரம்பித்தான். அவள் படிப்பு, அவள் அப்பா வீட்டு லட்சணம், எல்லாம் வந்தது.

பச்சை.

மறுபடி நடந்தான். அணைந்தது.

அவள் பொத்தானை விட்டுவிட்டு அவன் முதுகைப் பார்த்தாள். அகலமான முதுகு. பெட்டி அதற்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம்.

நடுவில் ஐந்தாறு குடம் தண்ணீர், உடம்பாகி, சட்டை போட்டுக்கொண்டு நடந்தது.

பீரோ இல்லை. முருங்கை இல்லை. இவன்.

சீ என்றிருந்தது அவளுக்கு. இந்த மூளைக்கா மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு கிடந்தோம் என்று இருந்தது. ஒரு நல்ல மரம் போயிற்றே என்றும் இருந்தது.

அவன் வந்து பெட்டியைக் கட்டிலில் போட்டான்.

"ஆகாது. டுபாக்கூர் சரக்கு. அந்தம்மாகிட்ட வரலைன்னு சொல்லிரு."

சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அதையும் அவள் பார்த்தாள்.

மணி பதினொன்றரை.

பெட்டியை எடுத்தாள். ஆணியில் தொங்கிய மகளின் பழைய ஸ்கூல் பையில் போட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பையை முதுகில் மாட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஜன்னல் இருக்கிறது. பெட்டியை அதில் வீட்டைப் பார்த்தாற்போல வைத்துக்கொள்ளலாம்.

"எல்.கே.ஜி. சேரப் போறியா?" அவன் சிரித்தான்.

அவள் மாமனாரிடம் குனிந்தாள். பொத்தானை அவர் இடது கைக்குள் வைத்தாள்.

"மாமா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருங்க."

கிழவர் மகனை ஒருதரம் பார்த்தார். கட்டைவிரலை வைத்தார்.

வாசலில் அடித்தது. மில்லில் அடித்தது. மில் பெண்கள் பையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிக்கட்டும். பாதித் தெரு தாண்டியும் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது.

பின்னால் அவன் குரல் கேட்டது. வாசலுக்கு வந்துவிட்டான் போல.

"ஏய், நில்லு. எப்படி அடிக்குது? நில்லுங்கிறேன்ல. திரும்பு."

திரும்பினால் பெல் நின்றுவிடும்.

அவள் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தள்ளினாள்.