துண்டுச்சீட்டு

கரண்ட் போய் வந்துச்சு. ஆபீஸ் கூரையில தொங்குற வைஃபை டப்பா பதறி எழுந்து, "ரவுட்டர் அண்ணே! எங்களை மேய்க்கிற எங்க கம்பெனி பெரிய பொட்டி எங்க இருக்குன்னு சொல்லுங்க. அதைக் கண்டுபிடிக்கலைன்னா இன்னைக்கு யாருக்கும் வைஃபை கிடையாது"ன்னுச்சு.

ரவுட்டர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுச்சு. டப்பா திருதிருன்னு முழிச்சுது.

"அண்ணே, இது வேற கம்பெனி பாஷையில்ல?"

"ஆமாப்பா. நேத்து புதுசா வந்த மேசை ஃபோன் அதோட கம்பெனி பொட்டி எங்கன்னு கேட்டுச்சு. எங்கிட்ட இருக்கிறது ஒரே சீட்டு. உன்னோடதை அழிச்சுட்டு அதோடதை எழுதிட்டேன்."

"எனக்கு ஒரு எழுத்துகூட புரியலையே!"

மேசை ஃபோன் எட்டிப் பாத்துச்சு. "ஏன், தெளிவாத்தானே இருக்கு?"

"கேட்டியா?"ன்னுச்சு ரவுட்டர். "சரி, உனக்காக இன்னொரு தடவை எழுதித் தரேன்."

டப்பா ஆசையா வாங்கிப் பாத்துச்சு. அதே சீட்டுதான். எழுத்தை மட்டும் பெருசாப் போட்டிருந்துச்சு.