தட்டின் இரைச்சல்

“தம்பி, உந்த லப்டொப் பாட்டுகளிலை உயிரில்லை. பழைய இசைத்தட்டு ஒண்டு போடுமன்,” என்றார், நல்லூர்க் கலியாண வீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த மார்க்கண்டு.

“ஓம் ஐயா.”

தட்டுகளையெல்லாம் எப்போதோ விற்றுவிட்ட டிஜே சுபாஸ்கரன், மேசையில் அழகுக்கு வைத்திருந்த ஒற்றைத் தட்டைச் சும்மா சுழலவிட்டு, லப்டொப்பில் இரண்டு பொத்தான்களைத் தட்டினான். பழைய பாட்டோடு சடசடவென்று ஓர் இரைச்சலும் எழுந்தது.

“இதுதான் தட்டின்ரை சத்தம்!” மார்க்கண்டு கண்ணைத் துடைத்தார். “உமக்கு அழுகை வரேல்லையோ?”

“இல்லை ஐயா. பழகீட்டுது.”

அந்த இரைச்சல், மனைவி உதயகலா கத்தரிக்காய் பொரித்தபோது அவன் விளையாட்டாகக் கைபேசியில் பதிந்தது.

அவள் செத்து ஏழு மாதம். வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அந்தச் சத்தம் இப்போது ஊரார் கலியாணங்களில் மட்டுந்தான் கேட்கிறது.